குழாய் பார்த்த திசை

மலேசியத் தமிழ்க் குடும்ப விழாக்களுக்குப் புகைப்படங்கள் இருக்கின்றன. சத்தம் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் தாத்தா இரவல் கோட்டு போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்பார். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் பின்னால் என்ன பாட்டு ஓடியது, அதை யார் போட்டார், எவ்வளவு தூரம் கேட்டது என்று படம் சொல்லாது. நான் படித்த தோட்ட வரலாறுகளிலும் சம்பளம், கங்காணி, வேலைநிறுத்தம், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி எல்லாம் வரும். கல்யாண வீட்டில் பாட்டு போட்ட ஆள் வரமாட்டார்.

2024இல் அப்பா அம்மாவின் 40வது திருமண நாளுக்கு டிஜே பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று வாரம் ஃபோனும் கையுமாக அலைந்தேன். பாட்டுப் பட்டியலுக்காகச் சொந்தக்காரர்களிடம் பேசப் பேச, அவர்கள் பாட்டை விட்டுவிட்டு வேறு கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் கதைகளையும் எனக்குத் தெரிந்த வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முயற்சிதான் இது.

முதல் சிக்கல் பாட்டில் வரவில்லை. தேதியில் வந்தது. மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் பதாகைக்குக் கல்யாணத் தேதி வேண்டும் என்று டிஜே கேட்டார். அப்பா ஒரு தேதி சொன்னார், அம்மா வேறொரு தேதி சொன்னார். இரண்டும் சரிதான். 1984 மார்ச்சில் பதிவு இலாகாவில் கையெழுத்து போட்டிருக்கிறார்கள். கோவிலில் தாலி கட்டியது ஆவணியில். நம் வீடுகளில் பலருக்கு இப்படி இரண்டு கல்யாண நாள் உண்டு.

இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதிலிருந்துதான் பொது விதியானது. அதற்கு முன் தோட்டத்தில் நடந்த கல்யாணங்கள் பெரும்பாலும் வழக்கப்படி நடந்தவை. மாரியம்மன் கோவில், ஊர்ப் பெரியவர்கள், தாலி, சாப்பாடு. சாட்சி என்றால் தோட்டமே சாட்சி. காகிதம் இருக்காது. என் பாட்டியிடம் ஒருமுறை கல்யாணத் தேதி கேட்டதற்கு, "ஜப்பான்காரன் போனதுக்கு அடுத்த வருசம், மாரியம்மன் திருநாளு முடிஞ்சு" என்றார். அவருக்கு அதுவே போதுமான தேதி. சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன மூத்தார் திரும்பி வராததால் அந்தக் கல்யாணத்தில் மேளம் வைக்கவில்லை என்றும் சொன்னார். தேதி நினைவில் இல்லாதவருக்கு மேளம் இல்லாதது மட்டும் நினைவிருந்தது.

தேதி இல்லாத இடத்தில் ஆண்டு நிறைவு எப்படி வரும்? அறுபதாம் கல்யாணம் தெரியும்; ஆனால் அது ஆணின் வயதை வைத்துக் கணக்கிடுவது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த வருசங்களை எண்ணி, அதற்கு கேக் வெட்டுவது, சான்றிதழும் நாள்காட்டியும் கேமராவும் வீட்டுக்குள் வந்தபிறகு பிறந்த பழக்கம். அதனால்தான் அந்த விழாவுக்கென்று நம்மிடம் பாட்டோ சடங்கோ கிடையாது. நலுங்குக்குப் பாட்டு உண்டு, தாலாட்டு உண்டு, சாவுக்கு ஒப்பாரி உண்டு. திருமண நாளுக்கு எதுவுமில்லை. அந்த வெற்றிடத்துக்குள்தான் முதலில் சினிமாப் பாட்டு வந்து உட்கார்ந்தது. பிறகு டிஜே வந்தார்.

*

இசைத்தட்டு இந்த வட்டாரத்துக்கு வந்து நூறு வருசத்துக்கு மேலாகிறது. கிராமஃபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் 1903இல் சிங்கப்பூருக்கு வந்து ஒலிப்பதிவு செய்திருக்கிறார். ஆனால் லயத்தில் இருந்தவர்களுக்குக் கிராமஃபோன் பெட்டி எட்டாத பொருள். துரை பங்களாவிலும் கிராணி வீட்டிலும் இருந்திருக்கும். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் பாட்டு. ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். சாவி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் நின்றால்தான் அது பாடும். அந்த ஆளைத்தான் நான் நம் முதல் டிஜே என்பேன்.

தோட்டத்து மக்களுக்குப் பாட்டைக் கொண்டுவந்தது ஒலிபெருக்கி. வாயகன்ற அந்தக் குழாய். பெரிய மாமாவுக்கு இன்று 70 வயது தாண்டிவிட்டது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கல்யாணம்னா மொத நாளே டவுன்லருந்து லோரி வரும். ரெண்டு குழா, ஒரு பெட்டி, பேட்டரி, தட்டு அடுக்குன ஒரு டிரங்குப் பொட்டி. குழாய தென்ன மரத்துல ஏத்திக் கட்டுவாங்க. ஒண்ணு மேட்டு லயத்தப் பாத்து, ஒண்ணு பள்ளத்து லயத்தப் பாத்து. மொதப் பாட்டு சாமி பாட்டு. அது கேட்டுச்சின்னா பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கும் தெரிஞ்சிரும், இங்க கல்யாணம்னு."

பேட்டரிக்குக் காரணம் உண்டு. பல தோட்டங்களில் லயத்துக்கு மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வந்தது. சாயங்காலம் போடுவார்கள், இரவு ஒரு நேரத்துக்கு நிறுத்திவிடுவார்கள். மறுநாள் விடியற்காலையில் பெரட்டு. கல்யாண வீடு என்றாலும் விளக்கு அதே நேரத்துக்குத்தான் அணையும். பேட்டரியில் ஓடிய குழாய் அந்த நேரத்தைத் தாண்டியும் பாடியது.

மாமா சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்டது குழாய் பார்த்த திசை. அது கல்யாண வீட்டைப் பார்த்துக் கட்டப்படவில்லை. வெளியே பார்த்துக் கட்டப்பட்டது. பந்தலில் இருந்தவர்களுக்குச் சத்தம் முதுகுப் பக்கமிருந்து வந்தது. அந்தப் பாட்டு வராதவர்களுக்கானது: மேட்டு லயத்தில் இன்னும் சமைத்துக்கொண்டிருப்பவளுக்கு, காட்டிலிருந்து மங்கு வாளியோடு திரும்புகிறவனுக்கு. அழைப்பிதழ் அச்சடிக்காத ஊரில் குழாய்தான் அழைப்பிதழ்.

பாட்டுக்கு நடுவில் கதை வசனத் தட்டுகளும் ஓடியிருக்கின்றன. முழுப் படத்தின் வசனமும் தட்டாக வரும் காலம் அது. படம் பார்க்க டவுனுக்குப் போக முடியாதவர்கள் கல்யாண வீட்டுக் குழாயில் 'படம் கேட்டார்கள்'. வசனம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வானொலி. ரேடியோ மலாயா 1946இல் தொடங்கியது. 1949இல் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கம்பி வழியாக வரும் ரெடிஃப்யூஷன் வந்தது. அது நகரத்துச் சமாச்சாரம். டிரான்சிஸ்டர் பெட்டி மலிவானபிறகுதான் லயத்து வாசல்படிகளில் வானொலி உட்கார்ந்தது. அதோடு புதிதாக ஒரு பழக்கமும் வந்தது, பாட்டுக்கு முன்னால் பெயர் வாசிப்பது. இன்ன தோட்டத்திலிருந்து இன்னாருக்குத் திருமண நாள் வாழ்த்து, கேட்டு மகிழ இந்தப் பாடல். கங்காணி கூப்பிடும்போதும் செக்ரோலில் ஏறும்போதும் மட்டும் கேட்ட பெயர், மரியாதையோடு நாடு முழுக்க ஒலித்தது. அப்பாவின் அத்தை ஒருத்தி, தன் பெயர் ரேடியோவில் வந்த நாளைத் தன் கல்யாணத்தைவிடத் தெளிவாகச் சொல்வார். இன்று டிஜே மைக்கைப் பிடித்து ஒவ்வொரு மேசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எல்லாரும் கை தட்டுகிறோமே, அதற்குத் தாய்வீடு இந்த வானொலி வாழ்த்துதான்.

*

கேசட் 1963இல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. நம் வீடுகளுக்குள் அது நிறைந்தது எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும். கேசட் கடையில் பாட்டின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிட, 90 நிமிட வெற்று நாடாவில் பதிந்து கொடுப்பார்கள். தட்டுக்காரர் டிரங்குப் பெட்டியில் என்ன வைத்திருந்தாரோ அதைத்தான் முன்பு தோட்டம் கேட்டது. இப்போது முதல் தடவையாகக் குடும்பமே தன் பாட்டைத் தேர்ந்தெடுத்தது. திருட்டுப் பதிவு பெருகியது. 1987இல் மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே வருசத்தில் புதிய பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தன. ஆனாலும் கடைக்காரரிடம் தாள் நீட்டுவது அவ்வளவு சீக்கிரம் நிற்கவில்லை.

வசதி உள்ளவர்கள் டவுன் மண்டபத்தில் இசைக்குழு வைத்தார்கள். கித்தார், ஓர்கன், டிரம்ஸ், ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று. பிறகு கராவோக்கே வந்தது. ஜப்பானின் கோபே நகரில் 1971இல் டைசுகே இனோவே உருவாக்கிய பெட்டி, சுற்றிச் சுற்றித் தொண்ணூறுகளில் நம் தாமான் வீடுகளின் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது. இசைக்குழுவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத சித்தப்பா தானே பாடகரானார். அவரை மைக்கிலிருந்து பிரித்தெடுப்பது இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பெரிய வேலை.

ஆனால் பாட்டுப் பெட்டி மாறியதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. பாட்டு ஓடிய நிலம் போனது. ஐம்பதுகளிலேயே தோட்டத் துண்டாடல் தொடங்கிவிட்டது. அதை எதிர்கொள்ளத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புத் திட்டமானது. லயங்கள் காலியாயின. மக்கள் புறம்போக்குக் கம்பங்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள்.

அடுக்குமாடியில் பந்தல் போட இடமில்லை. குழாய் கட்டத் தென்னை மரமில்லை. மேல் மாடியில் சீனர் வீடு, எதிரில் மலாய்க்காரர் வீடு. சத்தம் போட்டால் புகார். விழா பாலாய்ராயாவுக்கும் வாடகை மண்டபத்துக்கும் நகர்ந்தது. கதவை மூடி, குளிர்சாதனம் போட்டு, 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும். தலைக்கு இத்தனை வெள்ளி என்று கணக்கு வந்ததும் அழைப்பிதழ் வந்தது, மேசை எண் வந்தது. டிஜே தேவைப்பட்டது இந்த மூடிய மண்டபத்துக்குத்தான். நாலு மணி நேரத்துக்குள் வரவேற்பு, கேக், பேச்சு, சாப்பாடு, ஆட்டம் எல்லாவற்றையும் ஓட்டி முடிக்க ஒரு ஆள் வேண்டும். அவருடைய ஒலிபெருக்கிகள் உள்ளே பார்த்து நிற்கின்றன. நம் நெஞ்சைத் தட்டும் அந்தத் தாழ்ந்த அதிர்வு மண்டபச் சுவரைத் தாண்டினால் புகார். எங்கள் தாத்தாவின் குழாய் ஊரைக் கூப்பிட்டது. எங்கள் டிஜே கூப்பிட்டு வந்தவர்களை மட்டும் ஆட வைக்கிறார்.

இதை நட்டம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனமில்லை. குழாய் பாடிய காலத்தில் பந்தலில் ஆடியது ஆண்கள், அதுவும் கள்ளு இறங்கியபிறகு. பெண்கள் சமையல் கொட்டகையிலிருந்து கேட்டார்கள். மூடிய மண்டபத்தில் என் அத்தைகளும் பெரியம்மாக்களும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடுகிறார்கள். தெரிந்த முகங்கள் மட்டும் இருக்கும் அறை அது. வெளியே பார்க்காத ஒலிபெருக்கி அவர்களுக்கு ஒரு மறைப்பையும் கொடுத்திருக்கிறது.

*

எங்களுக்குக் கிடைத்த டிஜேவுக்கு 26 வயது. பகலில் தொழிற்சாலை வேலை. "எந்தக் காலப் பாட்டுண்ணே வேணும்?" என்று கேட்டார். எல்லாக் காலமும் என்றேன். சிரித்தார். பழைய பாட்டில் தொழில் சிக்கல் இருக்கிறது என்று விளக்கினார். இன்றைய பாட்டெல்லாம் கணினித் தாளத்தில் பதிந்தவை, வேகம் மாறாது, ஒன்றோடு ஒன்றை ஒட்டிவிடலாம். அறுபதுகளின் பாட்டை மனிதர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள்; சரணத்தில் கொஞ்சம் ஓடும், பல்லவியில் கொஞ்சம் நிற்கும். "அத ஒட்ட முடியாதுண்ணே. முழுசா விட்டுட்டு, முடிஞ்சதும் அடுத்தத ஆரம்பிக்கணும்." தட்டுக்காரர் செய்ததும் அதுதான்.

அவர் தலைமுறைக்கு இந்த மண்ணிலேயே முன்னோர்கள் உண்டு. தொண்ணூறுகளில் தி கீஸ் குழுவின் பாட்டுகள் நம் கல்யாணங்களில் சினிமாப் பாட்டுக்குச் சமமாக ஓடின. யோகி பி குழுவினர் 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தில், 1980இல் வந்த 'நிழல்கள்' படத்து இளையராஜா பாட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் தமிழ் ராப் கட்டினார்கள். அது தமிழ்நாடு வரை போனது. பாட்டு எப்போதும் சென்னையிலிருந்து இங்கே வரும். அந்த ஒரு தடவை இங்கிருந்து அங்கே போனது. எங்கள் டிஜே அந்தப் பாட்டை இன்னும் 'நம்ம பாட்டு' என்றுதான் சொல்கிறார்.

பட்டியல் முடியும் நேரத்தில் அம்மா கேட்டார்: "தப்பு கொஞ்சம் போடச் சொல்றியா?"

அம்மாவின் அப்பா தோட்டத்தில் தப்பு அடித்தவர். கோவில் திருவிழாவுக்கும் அடிப்பார், சாவுக்கும் அடிப்பார். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அம்மா இதைக் கேட்டதும் சின்ன மாமாவின் முகம் மாறியது. "அக்கா, வேணாம். எங்கப்பா அடிச்சாரு, சரி. அதுக்கு ஸ்கூல்ல எனக்கு என்னா பேரு வச்சிக் கூப்பிட்டாங்கன்னு ஒனக்குத் தெரியும். அந்தப் பேர அழிக்கத்தான் படிச்சேன். கேக்கு வெட்டுற எடத்துல சாவு மேளம் எதுக்கு?"

இதை வறட்டுக் கௌரவம் என்று ஒதுக்கிவிட முடியாது. தோலைத் தொட்டு அடிப்பவர் யார் என்பதைச் சாதி முடிவு செய்து, அந்தச் சாதி கப்பலேறி இங்கேயும் வந்தது. 1929இல் பெரியார் மலாயா வந்தபோது பேசியதும், கோ. சாரங்கபாணி போன்றவர்கள் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் 1935இல் 'தமிழ் முரசு'ம் தொடங்கி எழுதியதும் இந்த இழிவுக்கு எதிராகத்தான். மாமா தப்பை விட்டது பயந்து ஓடியதல்ல. அவர் காலத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே விடுதலை அது.

ஆனால் வரலாறு மாமாவை ஒரு வேடிக்கையான இடத்தில் நிறுத்தியிருக்கிறது. சினிமாவின் குத்துப் பாட்டுத் தாளம் பெருமளவு பறையிலிருந்து வந்ததுதான். லயத்தில் அவமானமான அடி, சென்னைக்குப் போய், ஒலிப்பதிவுக் கூடத்தில் குளித்து, கதாநாயகனின் காலில் ஏறித் திரும்பி வந்தபோது எல்லாருக்கும் ஏற்புடையதாகிவிட்டது. அந்தப் பாட்டுகளுக்கு எங்கள் குடும்பத்திலேயே நன்றாக ஆடுகிறவர் சின்ன மாமாதான்.

இங்கே தோலிசை தானாகவும் நிமிர்ந்திருக்கிறது. இளைஞர்கள் உறுமி மேளக் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த முனகலை இன்று கல்யாண ஊர்வலத்துக்கும் கூப்பிடுகிறார்கள். கட்டுப்பாடும் கூடவே வந்தது. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக் கருவிகளுக்கு 1973இல் விழுந்த தடை, 2016இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடியாக வாசிக்கலாம் என்ற அளவுக்குத் தளர்ந்தது. கோவிலில் காரணம் ஒழுங்கு. வீட்டில் காரணம் கௌரவம். இரண்டு இடத்திலும் முதலில் நிறுத்தச் சொல்வது மேளத்தைத்தான்.

டிஜேவிடம் தயங்கிக்கொண்டே சொன்னேன். "இருக்குண்ணே, நானே ரெக்கார்ட் பண்ணது" என்றார். வார இறுதிகளில் அவர் உறுமிக் குழுவில் வாசிக்கிறாராம்.

அன்று இரவு பத்தரைக்கு மேல், ஒரு குத்துப் பாட்டு முடிகிற இடத்தில் பாட்டை மட்டும் இறக்கிவிட்டுத் தப்பைத் தனியாக ஏற்றினார். வித்தியாசம் பலருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. அவர் ஆடவில்லை; நின்ற இடத்தில் வலது கை விரல்கள் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. சின்ன மாமா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த பாட்டுக்குத் திரும்பி வந்தார். அக்காவும் தம்பியும் அதைப் பற்றி இதுவரை பேசிக்கொள்ளவில்லை.

*

தட்டுக்காரர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. லோரியில் வந்தார்கள், மறுநாள் குழாயை இறக்கிக்கொண்டு போனார்கள். பெரிய மாமாவுக்கு அந்த லோரியின் நிறம் ஞாபகமிருக்கிறது, ஆளின் பெயர் இல்லை. டிஜேக்கள் இதில் வேறு மாதிரி. அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள், எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு ஓடியது என்று தானாகவே குறித்து வைக்கிறது. கேட்டால் அனுப்பிவிடுவார்கள், யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டில் விழா நடந்தால், புகைப்படக்காரரிடம் படம் வாங்குவது போல டிஜேவிடம் அந்தப் பட்டியலையும் வாங்கி வையுங்கள். ஐம்பது வருசம் கழித்து ஒரு குடும்பம் எதற்கு ஆடியது, எதற்கு எழுந்து வெளியே போனது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

எங்கள் பட்டியலில் 10.42க்கு எதிரே பாடகர் பெயரும் படத்தின் பெயரும் காலியாக இருக்கின்றன. 'தப்பு 2' என்று மட்டும் இருக்கிறது. நான் அந்தத் தாளை அச்செடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் தாத்தாவின் பெயரைப் பேனாவால் எழுதி, பழைய புகைப்பட ஆல்பத்தில் வைத்திருக்கிறேன்.